காக்பிட் திரையில் எல்லாம் இருக்கிறது. விமானிக்கு ஏன் தெரியாமல் போகிறது?

பாளை மாணவன்
3 ஆகஸ்ட் 2025, இரவு 9:12

இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு கம்ப்யூட்டர் சிமுலேட்டரில் ஒரு பிஎஃப்டி திரை (வேகம், உயரம், சாய்வு எல்லாம் ஒரே இடத்தில் காட்டும் முதன்மைத் திரை) செய்கிறோம். என் வாதம் இது: முள் கருவிகளை விடத் திரை எல்லா வகையிலும் மேல். தகவல் கூடக் கூட விமானியின் சூழல் விழிப்பும் கூடும். வாகைக்குளத்துக்கு, அதாவது தூத்துக்குடி விமான நிலையத்துக்கு, வரும் ஏடிஆர் 72-600 விமானத்தில் ஐந்து எல்சிடி திரைகள். அதற்கு முந்தைய 72-500-இல் வேகமானியும் உயரமானியும் முள் வைத்தவை. ஆகவே புதியதில் நிலவரம் கூடுதலாகத் தெரியும் என்று எழுதியிருக்கிறேன். கைடு ஆதாரம் கேட்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கருவிப்பட்டறை
3 ஆகஸ்ட், இரவு 10:40

'எல்லா வகையிலும்'ங்கிற வார்த்தைய எடுத்திருங்க தம்பி. அமெரிக்காவுல விபத்துகள விசாரிக்கிற அமைப்பான என்டிஎஸ்பி 2010-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. 2002-லேருந்து 2006 வரைக்கும் தயாரான ஒத்தை எஞ்சின் சிறு விமானங்கள திரை வச்சது, முள் வச்சதுன்னு ரெண்டாப் பிரிச்சுப் பாத்தாங்க. திரை வச்சதுல மொத்த விபத்து வீதம் குறைவு. உயிர் போன விபத்தோட வீதம் கூடுதல். திரை வச்ச விமானங்க நெடுந்தூரத்துக்கும் மேகத்துக்குள்ள பறக்கவும் அதிகமாப் போனதால, பழிய முழுசாத் திரை மேல போட முடியாது. ஆனா உங்க வாதத்துக்கு அது கை கொடுக்காது.

காரணத்துக்கு வாரேன். முள் ஒரே பார்வையில மூணு விஷயம் சொல்லுது: இப்ப எங்க நிக்குது, எந்தப் பக்கம் போகுது, எவ்வளவு வேகமாப் போகுது. மளிகைக் கடையில தராசு முள்ளப் பாத்தா 'இன்னும் கொஞ்சம் போடணும்'னு எண்ணைப் படிக்காமலே தெரியுமில்லா, அது மாதிரி. எண் மட்டும் இருந்தா படிக்கணும், ஞாபகத்துல வச்சிருக்கிற எண்ணோட ஒப்பிடணும், கழிக்கணும். தரையிறங்குற நேரத்துல அந்தக் கழித்தலுக்கு மூளையில இடம் இருக்காது.

பிஎஃப்டி-ல முள்ளுக்குப் பதிலா ஓடுற நாடா இருக்கு. நாடாவுல சுட்டுக்கோடு நடுவுலயே நிக்கும், எண்கள்தான் மேலயும் கீழயும் ஓடும். அதனால 'முள் பத்து மணிப் பக்கம் நிக்குது'ங்கிற இட ஞாபகம் போயிருது. அந்த இழப்ப ஈடுகட்டத்தான் வேக நாடாவுல போக்கு அம்பு வச்சாங்க. இன்னும் 10 வினாடியில வேகம் எவ்வளவு இருக்கும்னு அம்போட நுனி காட்டும். உங்க திரையில அது இருக்கா?

பாளை மாணவன்
3 ஆகஸ்ட், இரவு 10:58

இல்லை அண்ணாச்சி. வெறும் நாடாவும் நடுவில் பெரிய எண்ணும்தான்.

குற்றாலச்சாரல்
4 ஆகஸ்ட், காலை 6:50

அண்ணாச்சி சொன்னது சரி. ஆனால் முள்ளுக்கு நற்சான்று கொடுத்துவிட்டுப் போக முடியாது. 1947-இல் ஃபிட்ஸ், ஜோன்ஸ் என்ற ஆய்வாளர்கள், விமானிகள் கருவிகளைத் தவறாகப் படித்த 270 நிகழ்வுகளை வகை பிரித்தார்கள். அதில் பேர் வாங்கியது மூன்று முள் உயரமானி. நீண்ட முள் நூறுகள், அடுத்தது ஆயிரங்கள், மூன்றாவது பத்தாயிரங்கள். 12,900 அடியில் நீண்ட முள் 9-இல் நிற்கும். ஆயிர முள் 3-ஐ ஒட்டி, சற்று முன்னால் நிற்கும். பத்தாயிர முள் 1-ஐக் கொஞ்சம் தாண்டியிருக்கும். பெரிய முட்களுக்கு அடியில் ஒளிந்தும் போகும். அவசரத்தில் 13,900 என்று படிக்கலாம், 2,900 என்றும் படிக்கலாம். முதல் தவறு மலைப் பகுதியில் ஆளைக் கொல்லும். நாடாவும் அதன் நடுவே உருளும் எண்களும் இந்த ஒரு சிக்கலைத் தீர்த்தே விட்டன.

தம்பி, 'தகவல் கூடினால் விழிப்பு கூடும்' என்பதை, சூழல் விழிப்பை ஆராய்ந்த மிக்கா எண்ட்ஸ்லியின் மூன்று படிகளில் வைத்துப் பாருங்கள். ஒன்று, கண்ணில் படுவது. இரண்டு, அதன் பொருள் புரிவது. மூன்று, அடுத்து என்ன ஆகும் என்று முன்கூட்டித் தெரிவது. திரையில் ஒரு எண்ணைக் கூட்டினால் முதல் படிக்கு ஒரு பொருள் சேர்கிறது, அவ்வளவுதான். போக்கு அம்பு மூன்றாம் படிக்கு நேரே போகிறது. எந்த உறுப்பு எந்தப் படிக்கு உதவுகிறது என்று ஒவ்வொன்றுக்கும் எழுதிப் பாருங்கள்; எந்தப் படிக்கும் உதவாதவை தானாக வெளியே வந்துவிடும்.

ஆத்தங்கரை
4 ஆகஸ்ட், காலை 8:05

பயிற்சி சரியாக இருந்தால் எந்தத் திரையும் போதும். விபத்துக்கெல்லாம் திரையைக் குற்றம் சொல்வது எனக்கு உடன்பாடில்லை.

கருவிப்பட்டறை
4 ஆகஸ்ட், இரவு 9:20

ஆத்தங்கரை, இதக் கேளுங்க. 1992 ஜனவரி 20, பிரான்சுல ஸ்ட்ராஸ்பூர்க்குக்குப் போன ஏர் இன்டர் 148. ஏர்பஸ் ஏ320 விமானம். தானியங்கிக் கட்டுப்பாட்டுப் பலகையில ஒரே குமிழிக்கு ரெண்டு வேலை: ஒரு நிலையில இறங்கு கோணம், இன்னொரு நிலையில நிமிஷத்துக்கு எத்தன அடி. 3.3 பாகை கோணம் வேணும்னு திருகுனா '-3.3'. அடிக் கணக்கு நிலையில இருந்தா அதே திருகலுக்கு '-33', அதாவது நிமிஷத்துக்கு 3,300 அடி. வித்தியாசம் ஒரே ஒரு புள்ளி. விசாரணையில இந்தக் குழப்பத்தத்தான் வலுவான சாத்தியமாச் சொன்னாங்க. மலையில மோதி 87 பேர் போயிட்டாங்க. பொறவு அந்தப் பலகைய மாத்தி, அடிக் கணக்குல நாலு இலக்கமும் தெரியுற மாதிரி '-3300'ன்னு காட்ட வச்சாங்க. பயிற்சி மட்டும் போதும்னா அந்த ரெண்டு பூஜ்யத்தச் சேக்க வேண்டிய அவசியமே வந்திருக்காது.

நம்ம பக்கத்துல பெங்களூரு, 1990 பிப்ரவரி 14, இந்தியன் ஏர்லைன்ஸ் 605. அதுவும் ஏ320. கடைசிக் கட்டத்துல தானியங்கி 'ஓப்பன் டிசென்ட்' நிலைக்குப் போயிட்டு. அந்த நிலையில எஞ்சின் ஐடில்ல கிடக்கும், விமானம் மூக்கோட கோணத்த வச்சு வேகத்தப் பிடிக்கும். இங்க மூக்கத் தூக்கி உயரத்தப் பிடிச்சதால வேகம் கரைஞ்சுட்டு. 92 பேர் இறந்தாங்க. அந்த நிலைக்கு ஏன் போச்சுங்கிறத விசாரணையால அறுதியிட்டுச் சொல்ல முடியல. உயரக் குமிழியும் இறங்குவேகக் குமிழியும் பக்கத்துப் பக்கத்துல இருக்கிறதால ஒண்ணுக்கு ஒண்ணு திருகியிருக்கலாம்ங்கிறது பேசப்பட்ட சாத்தியம். எந்த நிலையில இருக்குதுங்கிறது பிஎஃப்டி-யோட மேல் ஓரத்துல எழுத்தா இருந்துச்சு. அந்த வரிசைக்குத்தான் எஃப்எம்ஏ-ன்னு பேரு.

குற்றாலச்சாரல்
4 ஆகஸ்ட், இரவு 10:15

எஃப்எம்ஏ-வில் கொஞ்சம் நிற்கலாம், தம்பியின் திரைக்கு இதுதான் கடினமான பகுதி. மேலே ஒரு கறுப்புப் பட்டை, அதில் சின்னச் சின்ன எழுத்துக்கூட்டங்கள். ஏர்பஸ்ஸில் நடப்பில் உள்ள நிலை பச்சை, காத்திருக்கும் நிலை நீலம். நிலை மாறியதும் அதைச் சுற்றி 10 வினாடி வெள்ளைக் கட்டம். போயிங்கில் நடப்பு பச்சை, காத்திருப்பு வெள்ளை, மாறினால் 10 வினாடி பச்சைக் கட்டம். அந்த 10 வினாடியில் விமானி பிளாப்பை (இறக்கை மடலை) இறக்கச் சொல்லிக்கொண்டோ, டவருக்குப் பதில் சொல்லிக்கொண்டோ இருந்தால் கட்டம் மறைந்துவிடும். அதற்குப் பிறகு அது இன்னொரு பச்சை எழுத்து, அவ்வளவே.

ஏசியானா 214, சான்பிரான்சிஸ்கோ, 2013 ஜூலை 6. போயிங் 777. எஞ்சின் விசையைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோத்ராட்டில் 'ஹோல்டு' நிலைக்குப் போனது, எஃப்எம்ஏ-வில் அந்தச் சொல்லும் இருந்தது. 'வேகத்தை நான் பார்த்துக்கொள்ள மாட்டேன்' என்பதுதான் அந்த நிலையின் பொருள். ஆட்டோத்ராட்டில் வேகத்தைப் பிடிக்கும் என்று விமானி நம்பினார். இலக்கு 137 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்). மோதுவதற்குச் சில வினாடி முன்னால் 103 வரை இறங்கியது. முதல் படியில் குறை இல்லை, தகவல் திரையில் இருந்தது. இரண்டாம் படியில்தான் அறுந்தது.

ஆகவே உங்கள் திரையில் நிலையின் பெயரை மட்டும் எழுதாதீர்கள். அது செயலிழக்கும் இடத்திலேயே காட்டுங்கள். வேகத்தைத் தானியங்கி காக்காதபோது வேக நாடாவின் இலக்குக் குறியையே வெற்றுக் கோடாக மாற்றுங்கள். கண் ஏற்கனவே போகும் இடத்தில் செய்தி இருக்க வேண்டும்.

பாளை மாணவன்
5 ஆகஸ்ட், காலை 7:30

இலக்குக் குறியை வெற்றுக் கோடாக்குவது புரிந்தது அக்கா. நிறமும் மாற்றலாமா?

கருவிப்பட்டறை
5 ஆகஸ்ட், காலை 7:55

மாத்துங்க, ஆனா நிறத்த மட்டும் நம்பாதீங்க. டிகாஸ், அதாவது விமானங்க ஒண்ணோட ஒண்ணு மோதாம எச்சரிக்கிற கருவி, அதோட குறிகளப் பாத்துக்கிடுங்க: உடனே விலகச் சொல்லுற விமானம் சிவப்புச் சதுரம், கவனிக்கச் சொல்லுறது ஆம்பர் (செம்மஞ்சள்) வட்டம், பக்கத்துல சும்மாப் போறது நிரப்புன வைரம், மத்தது வெத்து வைரம். நிறம் வெளுத்துத் தெரிஞ்சாலும் வடிவம் சொல்லும். வாகைக்குளம் ஓடுபாதை 10-28, கிழக்கு மேற்கு. ஆடி மாசம் மேல்காத்துல 28-ல, அதாவது மேற்க பாத்து, இறங்கும்போது, சாயங்காலமானா சூரியன் நேர கண்ணுக்கு எதிர. வெளியப் பாத்த கண்ணு உள்ள திரும்புனா திரை இருட்டாத் தெரியும். ஆம்பருக்கும் மஞ்சளுக்கும் வித்தியாசம் அப்ப போச்சு. சிவப்பு எச்சரிக்கைக்கு, ஆம்பர் கவனத்துக்குன்னு ஒதுக்கி வைங்க. அலங்காரத்துக்கு அந்த ரெண்டையும் தொடாதீங்க.

ஆத்தங்கரை
5 ஆகஸ்ட், மதியம் 1:10

ஏர் இன்டர் பற்றிச் சொன்னது பொருந்துகிறது. என் பக்கத்துக்கு ஒரு சான்று வைக்கிறேன். 1989 ஜனவரி 8, இங்கிலாந்தின் கெக்வொர்த், போயிங் 737-400. இடது எஞ்சினில் விசிறித் தகடு உடைந்தது, விமானிகள் நிறுத்தியதோ வலது எஞ்சினை. 47 பேர் மாண்டார்கள். அங்கே எஞ்சின் கருவியில் முள்ளுக்குப் பதில் வட்டத்துக்கு வெளியே நகரும் குட்டி எல்இடி குறி. அதிர்வுமானி இன்னும் சிறியது. திரையைக் குறை சொல்லலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2015 பிப்ரவரி 4, தைபே, டிரான்ஸ்ஏசியா 235. நம் வாகைக்குளத்துக்கு வரும் அதே ஏடிஆர் 72-600 ரகம். இரண்டாவது எஞ்சின் புரொப்பல்லர் தானாக ஃபெதர் ஆனது, அதாவது தகடுகள் காற்றுக்கு விளிம்பு காட்டித் திரும்பி இழுவிசை போனது. நடுத்திரையில் இரண்டாவது எஞ்சின் என்று எண்ணோடு எச்சரிக்கை, கீழே செய்ய வேண்டியது வரிசையாக. விமானி முதல் எஞ்சினைக் குறைத்து நிறுத்தினார். 43 பேர். அந்தத் திரையில் என்ன குறை?

குற்றாலச்சாரல்
5 ஆகஸ்ட், இரவு 9:40

நல்ல சான்று. இதை வைத்து நான் முன்பு எழுதியதைக் கொஞ்சம் இறுக்க வேண்டும். செய்தி சரியாக இருந்தது, இடமும் சரி, எண்ணும் சரி. கை அதற்கு முன்பே கிளம்பிவிட்டது. ஆகவே திரை மட்டும் காப்பாற்றாது. 'இரண்டாவது எஞ்சின், டார்க் (முறுக்குவிசை) பூஜ்யம்' என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லி, மற்றவர் பார்த்து ஆமோதித்த பிறகே லீவரில் கை என்ற முறை வேண்டும். ஆனால் அந்த முறைக்குத் திரைதான் பற்றுக்கோடு. இரண்டு பேரும் ஒரே இடத்தில், ஒரே வடிவத்தில் பார்க்கக்கூடிய ஒன்று இருந்தால்தான் ஆமோதிப்புக்குப் பொருள் உண்டு. கெக்வொர்த்தில் அது இல்லை. தைபேயில் இருந்தும் அதன்படி நடக்கவில்லை. இரண்டும் வேறு வேறு நோய்கள்.

கருவிப்பட்டறை
6 ஆகஸ்ட், இரவு 8:30

'ஒரே இடத்துல ஒரே படம்'ங்கிறதுக்கு நம்ம ஊர்க் கணக்கு ஒண்ணு. வாகைக்குளத்துலேருந்து அகத்தியமலை நேர்கோட்டுல ஏறத்தாழ 47 கடல் மைல். உயரம் 1,868 மீட்டர், அதாவது சுமார் 6,130 அடி. வழிசெலுத்துத் திரைய 40 மைல் அளவுல வச்சிருந்தா, ஓடுபாதைக்கு மேல நிக்கிற விமானத்துக்கு மலையே திரையில கிடையாது. 80-க்கு மாத்துனா இருக்கு, ஆனா சின்னதா.

இனி நிறம். ஈஜிபிடபிள்யூஎஸ், அதாவது தரை கிட்ட வர்றத எச்சரிக்கிற கருவி, அதோட தரைப்படத்துல நிறம் மலையோட உயரத்தச் சொல்லுறதில்ல, விமானத்த விட எவ்வளவு உசரம்ங்கிறதச் சொல்லுது. 2,000 அடிக்கு மேல உசந்தா சிவப்பு. 1,000-க்கும் 2,000-க்கும் நடுவுல அடர்ந்த மஞ்சள். 5,000 அடியில மட்டமாப் பறந்தா அகத்தியமலை உச்சி 1,130 அடி உசரம், மஞ்சள்தான். 4,000-க்கு இறங்குனா அதே உச்சி சிவப்பு. அதோட நிமிஷத்துக்கு 1,000 அடிக்கு மேல இறங்குனா, 30 வினாடி கழிச்சு இருக்கப் போற உயரத்த வச்சே நிறம் போடும். 5,000 அடியில நிமிஷத்துக்கு 2,000 அடி வீதம் இறங்குறவருக்கு 4,000 அடிக்கான படம் இப்பவே வரும். மூணாம் படிய நிறத்துக்குள்ளயே வச்சுட்டாங்க; ரொம்ப நல்ல வேலை.

இப்ப சிக்கல். ஏர்பஸ்ல ஒரு திரையில மழை ராடார் படமோ தரைப்படமோ ஏதாவது ஒண்ணுதான். ஐப்பசி கார்த்திகையில பொதிகை மேல மேகம் அடைச்சு நிக்கும்போது ஒருத்தர் ராடாரும் இன்னொருத்தர் தரைப்படமும் வச்சுக்கிடுவாங்க. அது சரியான ஏற்பாடுதான். ஆனா மேகத்தச் சுத்திப் போக மேற்க திரும்புங்கன்னு ராடார் பாக்குறவர் சொன்னா, அங்க மலை இருக்குன்னு இவர் வாயத் திறந்து சொன்னாத்தான் உண்டு. ரெண்டு திரையிலயும் சிவப்பு இருக்கும், ஒண்ணுல கனமழை, ஒண்ணுல பாறை. எந்தப் படம் ஓடுதுங்கிற எழுத்து ஓரத்துல சின்னதா இருக்கு. தம்பி உங்க திரையில அதப் பெருசாப் போடுங்க.

பாளை மாணவன்
6 ஆகஸ்ட், இரவு 9:05

இதைக் குறித்துக்கொண்டேன் அண்ணாச்சி. தரைப்படத்தை உயரமானியோடு இணைத்துவிட்டால் தவறவே தவறாது அல்லவா?

குற்றாலச்சாரல்
7 ஆகஸ்ட், காலை 6:20

உயரமானி எதை நம்பியிருக்கிறது என்று பாருங்கள்: தரையிலிருந்து சொல்லும் காற்றழுத்தத்தை. 2022 மே 23, பாரீஸ் சார்ல் து கோல். ஒரு ஏ320-க்குத் தரைக் கட்டுப்பாடு காற்றழுத்தம் 1011 ஹெக்டோபாஸ்கல் என்று சொன்னது. உண்மை 1001. ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு ஏறத்தாழ 28 அடி. 10 பிசகினால் 280 அடி. விமானம் உயரமானியை வைத்தே இறங்கும் வகை அணுகுமுறையில் இருந்தது. இறங்கு பாதைக் குறி நடுவில், உயரம் சரி, எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போயின. விமானமோ 280 அடி கீழே. தரைக்கு ரேடியோ அலை அனுப்பி உயரம் அளக்கும் ரேடியோ உயரமானி 6 அடி வரை காட்டியது. ஓடுபாதை அப்போது கீழே இல்லை. மேலே ஏறித் தப்பினார்கள்.

என்னை அதிகம் உறுத்துவது இந்த நிகழ்ச்சிதான். ஒரே தவறான மூலத்திலிருந்து ஐந்து குறிகள் வரைந்தால் ஐந்தும் ஒன்றையொன்று ஆமோதிக்கும். பார்ப்பவருக்கு அது ஐந்து சாட்சி போலத் தெரியும். உண்மையில் ஒரே சாட்சி. ரேடியோ உயரம் தனி மூலம். 2,500 அடிக்குக் கீழே அதை உயர நாடாவுக்குப் பக்கத்திலேயே தெளிவாக வையுங்கள், ஒரு மூலையில் தள்ளாதீர்கள்.

கருவிப்பட்டறை
7 ஆகஸ்ட், இரவு 9:50

மூலம் பத்தி அக்கா சொன்னதோட பம்பாயச் சேத்துக்கிடுங்க. 1978 ஜனவரி 1, ஏர் இந்தியா 855, போயிங் 747. இருட்டுல கடலுக்கு மேல கிளம்புனதும் கேப்டன் பக்கத்து சாய்வுமானி வலது சாய்வுல உறைஞ்சு நின்னுட்டு. அவர் அத நம்பி இடது பக்கம் சாச்சாரு, சாச்சுக்கிட்டே போனாரு. வெளியப் பாக்கத் தொடுவானம் கிடையாது. 213 பேர். துணை விமானி பக்கத்துக் கருவியும் நடுவுல இருந்த தனிக் கருவியும் இருந்தும், ஒப்பிட்டுப் பாக்க நேரம் இல்ல.

இப்ப ஏ320-ல ரெண்டு பக்கச் சாய்வும் 5 பாகைக்கு மேல மாறுனா ரெண்டு பிஎஃப்டி-லயும் ஆம்பர்ல எழுத்து வரும். அது நல்லது, ஆனா எது தப்புன்னு சொல்லாது. தனிக் கருவியப் பாத்து மூணுல ரெண்டு எதுன்னு முடிவு பண்ணணும். அதனாலதான் தனிக் கருவிக்கு மின்சாரமும் தனி, உணரியும் தனி. சிமுலேட்டர்ல நீங்க மூணையும் ஒரே மாறியிலேருந்து எடுத்தீங்கன்னா சோதனையே பொய்யாயிரும். மூணு தனித் தரவு ஓடை வைங்க. ஒண்ண மட்டும் வேணும்போது கெடுக்க வசதி வைங்க. சாய்வுப் படத்துல தாமதம் 100 மில்லிவினாடியத் தாண்டக்கூடாது. தாண்டுனா கை அதிகமாத் திருத்தி ஆட்டம் கொடுக்கும், நீங்க அத வடிவமைப்புக் குறைன்னு தப்பா எழுதிருவீங்க.

பாளை மாணவன்
8 ஆகஸ்ட், காலை 7:10

சோதனை பற்றியும் சொல்லுங்கள் அக்கா. திரை நன்றாக இருக்கிறதா என்று கேட்டுப் படிவம் நிரப்பச் சொல்லலாம் என்று இருக்கிறோம்.

குற்றாலச்சாரல்
8 ஆகஸ்ட், இரவு 10:30

அந்தப் படிவம் பிடித்ததா இல்லையா என்பதை மட்டும் சொல்லும். நிலவரத்தைத் தவறவிட்டவருக்குத் தவறவிட்டதே தெரியாது. அவர் 5-க்கு 5 போடுவார்.

எண்ட்ஸ்லியின் சகாட் முறையைப் பிடியுங்கள். பறந்துகொண்டிருக்கும்போது முன்னறிவிப்பில்லாமல் சிமுலேட்டரை நிறுத்துங்கள், திரைகளை முழுதும் கறுப்பாக்குங்கள், கேள்விகளைக் கொடுங்கள், பதிலைக் கணினியின் பதிவோடு ஒப்பிடுங்கள். முதல் 3 முதல் 5 நிமிடம் நிறுத்த வேண்டாம், விமானி நிலைக்கு வரட்டும். இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே ஒரு நிமிடமாவது விடுங்கள். நிறுத்தும் நேரம் சம்பவங்களோடு ஒட்டி வரக்கூடாது. ஒட்டினால் 'நிறுத்தினார்கள், ஆகவே ஏதோ நடந்திருக்கிறது' என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

கேள்விகள் மூன்று படிக்கும் வேண்டும். இப்போது வேகம் என்ன? அது இலக்குக்கு மேலா, கீழா, தானியங்கி அதைக் காக்கிறதா? இப்படியே விட்டால் ஒரு நிமிடத்தில் எந்த உயரத்தில் இருப்பீர்கள்? மூன்றாவதில்தான் உங்கள் இரண்டு வடிவங்களுக்கும் வித்தியாசம் வெளிவர வாய்ப்பு அதிகம். பதில்களுக்கு ஏற்கத்தக்க பிசகை முன்பே எழுதி வையுங்கள். வேகத்துக்கு இவ்வளவு நாட், உயரத்துக்கு இவ்வளவு அடி என்று. முடிவைப் பார்த்த பிறகு எல்லையை நகர்த்தினால் கைடு சும்மா விடமாட்டார்.

அதே ஆளை இரண்டு திரையிலும் பறக்க வையுங்கள், பாதிப் பேருக்கு வரிசையை மாற்றி. வகுப்பு நண்பர்களை வைத்துச் செய்வதாக இருந்தால், 'விமானிகள்' என்று அறிக்கையில் எழுதாதீர்கள்.

கருவிப்பட்டறை
9 ஆகஸ்ட், காலை 8:15

சோதனைக்குக் காட்சி வேணுமே, ஆடிக் காத்த வைங்க. 28-க்கு இறங்குறப்ப 1,500 அடியில மேற்கேருந்து 35 நாட், தரையில 18 நாட். இறங்க இறங்க எதிர்காத்து குறையும், காட்டுற வேகமும் கரையும். திரையில காத்து அம்பு 35-ன்னு சொல்லும், டவர் 18-ன்னு சொல்லும். இந்த ரெண்டு எண்ணையும் பக்கத்துல வச்சுப் பாத்தவனுக்கு வேகம் விழப்போறது முன்னமே தெரியும். ஒரு வடிவத்துல போக்கு அம்பு வைங்க, இன்னொண்ணுல எடுத்திருங்க. 700 அடிக்கும் 400 அடிக்கும் நடுவுல சில ஓட்டத்துல நிறுத்துங்க, சில ஓட்டத்துல நிறுத்தாம விட்டு, பவர் லீவர எத்தன வினாடி கழிச்சுத் தொட்டாங்கன்னு பதிவெடுங்க. கேள்விக்குச் சொல்லுற பதிலும் கையோட நேரமும் ஒத்துப்போகுதான்னு பாக்கலாம்.

எழுத்தோட உசரம் கண்ணுலேருந்து உள்ள தூரத்துல 200-ல ஒரு பங்கு இருக்கட்டும். 70 சென்டிமீட்டர்ல உக்காந்தா 3.5 மில்லிமீட்டர். லேப்டாப் திரையச் சுருக்கி வச்சுட்டு எழுத்து படிக்க முடியலன்னு அறிக்கை எழுதாதீங்க.

ஆத்தங்கரை
9 ஆகஸ்ட், காலை 11:40

சோதனையில் எஞ்சின் செயலிழப்பு ஒன்றும் வையுங்கள், தைபே மாதிரி. இரண்டு பேர் உட்கார வேண்டும். ஒரு குழுவுக்கு வாய்விட்டு உறுதிசெய்யும் முறையோடு, இன்னொரு குழுவுக்கு அது இல்லாமல். திரை அதேதான். அப்போது நான் சொன்னதும் அக்கா சொன்னதும் ஒரே அட்டவணையில் வந்துவிடும்.

பாளை மாணவன்
9 ஆகஸ்ட், இரவு 8:50

தலைப்பை மாற்றிவிட்டேன்: 'வேகப் போக்கு அம்பு இருந்தும் இல்லாமலும்: குறையும் எதிர்காற்றில் ஓர் ஒப்பீடு'. தரைப்படத்தை இந்த ஆண்டு எடுத்துவிட்டோம், நேரம் போதாது. மூன்று தனி ஓடைகள் வைத்தாயிற்று. ஆத்தங்கரை அண்ணாச்சி, எஞ்சின் சோதனைக்கு இருவர் இருக்கை இல்லை, ஒரே கம்ப்யூட்டர். இரண்டாவது திரையும் ஜாய்ஸ்டிக்கும் கல்லூரியில் கேட்டிருக்கிறோம்.

கருவிப்பட்டறை
9 ஆகஸ்ட், இரவு 9:15

ரெண்டாவது ஜாய்ஸ்டிக் வந்தா, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல இழுத்தா என்ன ஆகும்னு முதல்லயே முடிவு பண்ணி எழுதி வைங்க. ஏர்பஸ்ல ரெண்டு சைட்ஸ்டிக் கட்டளையும் கூட்டப்படும், ஒருத்தர் பட்டனை அழுத்திப் பிடிச்சா அவருக்கு முன்னுரிமை. உங்க சாஃப்ட்வேர் கடைசியா அசைஞ்சத மட்டும் எடுத்துக்கிட்டா, உக்காந்திருக்கிறவங்களுக்கு அது திரையில தெரியவும் செய்யாது. யார் கையில இருக்குன்னு ஒரு பச்சை விளக்காவது திரையில வைங்க.